கிளைவ் கேட்ட கூலி

1774ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள். இலண்டன் நகரில், பெர்க்லி சதுக்கத்து மாளிகையொன்றில், 49 வயதுச் சீமான் ஒருவன் மாண்டான். பிரபு பட்டம் பெற்றவன், பாராளுமன்ற உறுப்பினன், பொன்னுக்கும் பொருளுக்கும் குறைவில்லாதவன். ஆயினும் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான் என்றே அன்று பலரும் பேசினர். இன்றும் வரலாற்றாசிரியர் பலர் அவ்வாறே எழுதுகின்றனர். பிறந்த ஊரின் அருகிலுள்ள மோர்ட்டன் சே என்ற சிற்றூரின் மாதாகோயிலில் அவனைப் புதைத்தனர். புதைத்த இடம் இதுவெனக் காட்ட அன்று ஒரு கல்லும் நாட்டவில்லை.

அவன்தான் இராபர்ட் கிளைவ். ஆர்க்காட்டுக் கோட்டையைக் காத்தவன், பிளாசியில் வென்றவன், வாணிகம் செய்ய வந்த கும்பினியை நாடாளும் கும்பினியாக ஆக்கியவன். அவன் நடத்திய போர்களைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். இன்று நாம் எழுத முனைவது அந்தப் போர்களைப் பற்றியல்ல. அவனுடைய உள்ளத்துக்குள்ளே நடந்த ஒன்றைப் பற்றி. பொதுச் சொத்து எது, தன் சொத்து எது என்ற எல்லைக்கோடு ஒரு மனிதனின் மனத்திலே எப்படி அழிகிறது? அழிவதற்கு அவன் பணியாற்றும் அமைப்பே எப்படித் துணை நிற்கிறது? இதைக் கற்க விரும்புவோருக்குக் கிளைவின் வாழ்க்கை நல்லதொரு பாடநூல்.

இங்கிலாந்தில் ஷ்ரோப்ஷயர் என்னும் பகுதியில், நொடித்துப்போன நிலக்கிழார் குடும்பமொன்றில், 1725ஆம் ஆண்டு கிளைவ் பிறந்தான். படிப்பில் நாட்டமில்லை, முரட்டுத்தனத்தில் குறைவில்லை. ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைக்காரர்களை மிரட்டிக் காசு பறித்தான் என்றொரு கதை அவனைப்பற்றி உண்டு. இந்தப் பிள்ளை உருப்படமாட்டான் என்று முடிவு கட்டிய தந்தை, கிழக்கிந்தியக் கும்பினியில் எழுத்தர் வேலை வாங்கிக் கொடுத்துக் கப்பலேற்றிவிட்டார். 1744ஆம் ஆண்டு, 18 வயதிலே, சென்னைக் கரையில் வந்திறங்கினான்.

எழுத்தருக்குக் கும்பினி தந்த சம்பளம் எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்கு 5 பவுன்! கடல் கடந்து, நோய்க்கும் வெயிலுக்கும் அஞ்சாமல் வந்து, கணக்கெழுதிச் சரக்கு நிறுக்கும் இளைஞனுக்கு ஆண்டு முழுவதற்கும் 5 பவுன். இந்தப் பணத்தில் ஒருவன் வாழ முடியாது என்பது இலண்டனில் அமர்ந்திருந்த கும்பினி இயக்குநர்களுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். அதற்காகவே வேறொரு வழியைத் திறந்து வைத்திருந்தனர். கும்பினியின் வேலையைச் செய்துகொண்டே, கீழ்நாட்டுத் துறைமுகங்களுக்கிடையே சொந்த வாணிகமும் செய்துகொள்ளலாம். அதில் கிடைப்பதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம்.

நோய்க்கு விதை இங்கேதான் விழுந்தது. சம்பளம் சிறிது, அதிகாரம் பெரிது, மேல்வருமானம் அவரவர் சாமர்த்தியம் என்று ஓர் அமைப்பு ஏற்பாடு செய்துவிட்டால், அங்கே யோக்கியன் பட்டினி கிடப்பான், சாமர்த்தியசாலி கொழுப்பான். சாமர்த்தியத்துக்கு எல்லை எது என்று எவரும் எழுதி வைப்பதில்லை. கும்பினியும் எழுதி வைக்கவில்லை.

எழுத்தர் வேலை கிளைவுக்குக் கசந்தது. தனிமையும் சோர்வும் வாட்டவே, துப்பாக்கியை நெற்றியில் வைத்துச் சுட்டுக்கொள்ள முயன்றான் என்றும், இருமுறையும் குண்டு வெடிக்கவில்லை என்றும் சொல்வர். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தனர். கிளைவ் மாறுவேடத்தில் தப்பிக் கடலூரில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். எழுதுகோலை வைத்துவிட்டு வாளை எடுத்தான்.

1751இல் வந்தது ஆர்க்காட்டுப் போர். சந்தா சாகிபுவும் பிரெஞ்சுக்காரரும் திருச்சியைச் சூழ்ந்திருந்த நேரம். அவர்களுடைய படையைப் பிரிக்க, ஆர்க்காட்டைத் தாக்கலாம் என்ற யோசனையைக் கிளைவ் நிறைவேற்றினான். சுமார் 200 வெள்ளையரும் 300 இந்தியச் சிப்பாய்களும் கொண்ட சிறுபடை கோட்டையைப் பிடித்தது. பிறகு சந்தா சாகிபுவின் மகன் பெரும்படையுடன் வந்து முற்றுகையிட, 50 நாட்கள் அந்தப் பாழடைந்த கோட்டையைக் காத்து நின்றது. உணவு குறைந்தபோது, சோறு வெள்ளைச் சிப்பாய்களுக்கு இருக்கட்டும், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று நம் நாட்டுச் சிப்பாய்கள் சொன்னதாக ஆங்கிலேயரே பெருமையோடு எழுதி வைத்தனர். அந்தக் கஞ்சியை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

கிளைவின் வீரத்தை நாம் மறுக்கவில்லை. பகைவனாயினும் அவனுக்கு நெஞ்சுரம் இருந்தது. ஆனால் வீரத்தோடு வீரமாக இன்னொன்றும் நடந்தது. படைக்கு உணவுப்பொருள் வாங்கிக்கொடுக்கும் அதிகாரியாகவும் அவனை நியமித்திருந்தனர். வாங்கும் பொருளுக்குக் கமிஷன் உண்டு. களவு அல்ல, மறைவும் அல்ல. அந்தப் பதவிக்கு அதுவே வழக்கம். படை பெருகப் பெருக, கமிஷனும் பெருகிற்று. 1753இல், கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி மாதாகோயிலில் மார்கரெட் மாஸ்கலீனை மணந்துகொண்டு ஊர் திரும்பியபோது, அவனிடம் சுமார் 40,000 பவுன் சேர்ந்திருந்தது. 5 பவுன் சம்பளக்காரன், ஒன்பதே ஆண்டில் 40,000 பவுன்காரன்!

இதை எவராவது கேட்டார்களா? கேட்கவில்லை. மாறாக, வைரம் பதித்த வாளொன்றைக் கும்பினியார் பரிசளித்தனர். தன் தலைவர் லாரன்சுக்கும் அதுபோல் ஒன்று கொடுத்தாலன்றித் தான் வாங்கமாட்டேன் என்றான் கிளைவ். பெருந்தன்மைதான். ஆகவே, அவன் பிறவியிலேயே கயவன் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. கயவர் மட்டுமே கெடுவர் என்றால் நமக்குக் கவலையே இல்லை. நல்ல குணமும் துணிவும் உள்ளவர்களும் கெடுகிறார்கள் என்பதுதான் கவலை.

வழக்கம் என்பது முதல் படி. அடுத்த படிக்கு வங்காளம் அழைத்துப் போயிற்று.

1756இல் வங்காள நவாபு சிராஜ் உத்தௌலா கல்கத்தாவைப் பிடித்தான். மீட்பதற்குச் சென்னையிலிருந்து படை புறப்பட்டது. கிளைவ் தரைப்படைக்குத் தலைமை தாங்கினான். கல்கத்தா மீட்கப்பட்டது. அத்தோடு நிற்கவில்லை. நவாபுவின் படைத்தலைவன் மீர் ஜாபரோடு சதி உருவாயிற்று. இடையே நின்ற அமீர்சந்த் என்ற வணிகன், தனக்குப் பெருந்தொகை வேண்டும், இல்லையேல் சதியை வெளியிடுவேன் என்றான். கிளைவ் இரண்டு ஒப்பந்தம் தயாரித்தான். வெள்ளைத் தாளில் உண்மை. சிவப்புத் தாளில் பொய். அமீர்சந்துக்குக் காட்டிய சிவப்புத் தாளில் அவனுக்குப் பணம் உண்டு. வெள்ளைத் தாளில் இல்லை. கடற்படைத் தலைவர் வாட்சன் பொய்த் தாளில் கையெழுத்திட மறுத்தார். அவருடைய கையெழுத்தையும் போட்டுச் சேர்த்தனர்.

1757 ஜூன் 23. பிளாசியில் சில மணி நேரப் போர். மீர் ஜாபர் கைகட்டி நின்றான்; சிராஜ் தோற்றான்; பின்னர்க் கொல்லப்பட்டான். மீர் ஜாபர் அரியணை ஏறினான். அரியணை ஏற்றியவர்களுக்கு முர்ஷிதாபாத் கருவூலம் திறந்தது. கிளைவ் ஒருவன் மட்டும் பெற்றது 234,000 பவுன் என்று பிற்காலத்தில் பாராளுமன்றமே கணக்கிட்டது.

இதற்கு அவன் வைத்த பெயர் என்ன? நன்கொடை! நவாபு மனமுவந்து அளித்த அன்பளிப்பு! அன்பளிப்பு வாங்கக் கூடாதென்று அப்போது கும்பினியில் விதியும் இல்லை என்றனர் அவனுடைய நண்பர்கள். அது உண்மைதான், விதி இல்லை. ஆனால் கேட்கிறோம்: தன்னை அரியணையில் வைத்தவன் வாளோடு எதிரே நிற்கும்போது, நவாபு தருவது அன்பளிப்பா, கப்பமா? கிளைவ் கும்பினியின் ஊழியனாக இல்லாமல் ஒரு சாதாரண ஆங்கிலேயனாக முர்ஷிதாபாத் போயிருந்தால், ஒரு காசாவது கொடுத்திருப்பானா மீர் ஜாபர்? பணம் கிளைவுக்குக் கிடைத்ததல்ல, பதவிக்குக் கிடைத்தது. பதவியோ அவனுடையதல்ல.

அதன் பிறகும் ஆசை அடங்கவில்லை. நவாபு மூலம் பட்டம் கிடைத்தது. பட்டத்துக்கு ஏற்ற ஜாகீர் வேண்டுமென்றான். 1759இல் கிடைத்தது. எந்த நிலத்தின் வருமானம்? கல்கத்தாவைச் சுற்றி, கும்பினி நவாபுவுக்கு வாடகை செலுத்திவந்த நிலத்தின் வருமானம். இனி அந்த வாடகை கிளைவுக்கு. ஆண்டுக்குச் சுமார் 27,000 பவுன். வேடிக்கையைக் கவனியுங்கள்: கும்பினிக்குக் கிளைவ் ஊழியன்; கிளைவுக்குக் கும்பினி குடிவாரக்காரன்! எசமானனே தன் வேலைக்காரனுக்கு வாடகை செலுத்தும் விந்தை.

1760இல் ஊர் திரும்பினான். பாராளுமன்ற இடம் வந்தது. 1762இல் பிளாசிப் பிரபு என்ற பட்டமும் வந்தது. கும்பினி இயக்குநர் சலிவன், இந்த ஜாகீர் முறையா என்று கேட்கத் தொடங்கினார். கிளைவ் என்ன செய்தான்? விடை சொல்லவில்லை. கும்பினியின் தேர்தலில் வாக்குகளை வாங்கினான். பங்கு வைத்திருப்பவனுக்கு வாக்கு உண்டு என்பது விதி. 1763இல், சுமார் 100,000 பவுனுக்குப் பங்குகளை வாங்கித் தன் ஆட்கள் பெயரில் பிரித்து வைத்தான். அந்தத் தேர்தலில் தோற்றான். ஜாகீர் பணம் நின்றது. ஆனால் வங்காளத்தில் குழப்பம் மூண்டு, கிளைவ் போனாலன்றித் தீராது என்ற நிலை வந்ததும், அதே கும்பினி 1764இல் ஜாகீரைப் பத்தாண்டுக்கு உறுதி செய்து அனுப்பி வைத்தது. கணக்குக் கேட்க வேண்டிய இடம், கணக்குக் கொடுக்க வேண்டியவனிடம் கையேந்தி நின்றது.

1765இல் மறுபடி வந்தான் கிளைவ். இம்முறை எதற்கு? ஊழலை ஒழிக்க! ஆம், வங்காளத்துக் கும்பினி ஊழியர்களைத் திருத்துவதற்காக.

வழியில் சென்னையில் இறங்கினான். மீர் ஜாபர் இறந்துவிட்ட செய்தி அங்கே கிடைத்தது. வங்காளம் முழுவதும் கும்பினி கைக்கு வரப்போகிறது, பங்கு விலை ஏறும் என்று உணர்ந்தான். உடனே இலண்டனிலிருந்த தன் ஆட்களுக்கு இரகசியமாக எழுதினான்: உள்ள பணம் அனைத்தையும், கடன் வாங்க முடிந்ததையும் சேர்த்து, கணமும் தாமதியாமல் கும்பினிப் பங்கு வாங்குக என்று. பதவியால் அறிந்த செய்தியைப் பணமாக்கினான். ஊழலை ஒழிக்கப் போகும் வழியிலேயே இது நடந்தது!

கல்கத்தா சேர்ந்ததும் கடுமையாக வேலை செய்தான். அன்பளிப்பு வாங்குவதில்லை என்ற உறுதிப் பத்திரத்தை இலண்டன் அனுப்பியிருந்தும், ஆலோசனைச் சபையார் கையெழுத்திடாமல் வைத்துக்கொண்டு, மீர் ஜாபரின் மகனை அரியணையேற்றிப் புதிதாக அன்பளிப்பு வாங்கியிருந்தனர். கிளைவ் அவர்களைக் கையெழுத்திட வைத்தான். படை அதிகாரிகளின் இரட்டைப் படியை வெட்டினான். 1766இல் அவர்கள் கூட்டாகப் பதவி விலகி மிரட்டியபோது அசையாது நின்று அடக்கினான். எல்லாம் சரி. ஆனால் சபை உறுப்பினன் ஜான்ஸ்டன் அவனை மடக்கினான். அன்பளிப்பு வாங்கும் பாடத்தை நாங்கள் உம்மிடமன்றோ கற்றோம் என்ற பொருள்பட விடையிறுத்தான்.

ஜான்ஸ்டன் யோக்கியன் அல்லன். ஆயினும் அந்தக் கேள்விக்குக் கிளைவிடம் விடை இல்லை. இதுதான் கெட்டுப்போன தலைமையின் முதல் தண்டனை. தான் செய்ததைப் பிறர் செய்யும்போது தடுக்கும் தகுதியை அது இழந்துவிடுகிறது. தடுத்தாலும், ஏணியில் ஏறியவன் ஏணியைத் தள்ளிவிடுகிறான் என்றே கீழே இருப்பவன் கருதுவான்.

உள்ளம் செய்யும் மாயத்தையும் பாருங்கள். மீர் ஜாபர் தன் உயிலில் விட்டுச் சென்ற 5 இலட்ச ரூபாயைக் கிளைவ் தனக்கென வைத்துக்கொள்ளவில்லை. ஊனமுற்ற சிப்பாய்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் நிதியாக வைத்தான். அதே காலத்தில், உப்பு, பாக்கு, புகையிலை வாணிகத்தை உயர்ந்த அதிகாரிகளின் தனி உரிமையாக்கி ஒரு சங்கம் அமைத்தான். அதில் தனக்கு ஒதுக்கிய பங்குகளைத் தன்னைச் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்தான். உப்பு ஏழையின் வீட்டுக்கும் வேண்டிய பொருள். அதன் இலாபம் அதிகாரிகளின் சம்பளக் குறைக்கு ஈடு என்றான். ஒரு கையால் தருமம், மறு கையால் உப்பில் கொள்ளை. இரண்டையும் ஒரே உள்ளம் உறுத்தலின்றிச் செய்தது.

1765ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், மொகலாய மன்னன் ஷா ஆலமிடமிருந்து வங்காளம், பீகார், ஒரிசா மூன்றின் வரி வசூலிக்கும் திவானி உரிமையைக் கும்பினி பெற்றது. வரி கும்பினிக்கு, மக்களைக் காக்கும் பொறுப்பு பெயரளவு நவாபுவுக்கு. அதிகாரம் ஒருவனிடம், பொறுப்பு மற்றொருவனிடம்! இதைவிடக் கொடிய ஏற்பாட்டை எவரும் சிந்திக்க முடியாது. 1769, 70ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தது, பஞ்சம் வந்தது. மக்களில் மூன்றிலொரு பங்கினர் மாண்டனர் என்று வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772இல் மதிப்பிட்டு எழுதினான். ஆனால் வரி? 1771இன் வசூல் 1768இன் வசூலையும் மிஞ்சிற்று என்று அதே மடலில் கணக்குக் காட்டினான். கிளைவ் அப்போது இங்கிலாந்தில் இருந்தான். ஆனால் அவன் கட்டிய எந்திரம் இங்கே ஓடிக்கொண்டிருந்தது.

கும்பினி கடனில் மூழ்கி அரசாங்கத்திடம் கையேந்தியதும், இலண்டன் விழித்துக்கொண்டது. 1772இல் பாராளுமன்றக் குழு விசாரித்தது. அப்போது கிளைவ் சொன்ன வாதம்தான் நம் கட்டுரையின் உயிர். எவ்வளவு எடுத்தான் என்று கேட்டனர். அவனோ, எடுத்ததைப் பேசவில்லை. எடுக்காமல் விட்டதைப் பேசினான். ஒரு பெரிய நகரமே தன் தயவில் கிடந்தது, இருபுறமும் பொன்னும் மணியும் குவிந்த கருவூலத்தில் நடந்தேன், அதை நினைத்தால் என் அடக்கத்தை எண்ணி நானே வியக்கிறேன் என்ற கருத்தில் பேசினான்.

நடிப்பு என்று நினைக்கவேண்டாம். அவன் அதை மெய்யாகவே நம்பினான். அதுதான் அச்சத்துக்குரியது. சாதாரண மனிதன் தன் வருமானத்தைத் தன் உழைப்போடு ஒப்பிடுகிறான். அதிகாரத்தில் அமர்ந்தவனோ, எடுத்ததை எடுத்திருக்கக்கூடியதோடு ஒப்பிடுகிறான். அளவுகோல் மாறியபின், கொள்ளையும் சிக்கனமாகத் தோன்றுகிறது. நான் போர்க்களத்தில் நின்றவன், உயிரைப் பணயம் வைத்தவன், ஒரு நாட்டையே பெற்றுத்தந்தவன், இது என் கூலி என்று உள்ளம் முடிவு கட்டுகிறது. கூலியை நிர்ணயிப்பவனும் அவனே, பெறுபவனும் அவனே.

1773 மே மாதம் பாராளுமன்றம் முடிவு கூறிற்று. 234,000 பவுன் பெற்றான் என்பது உண்மை என்றது. அதே மூச்சில், நாட்டுக்குப் பெரும் பணியாற்றினான் என்றும் தீர்மானித்தது. தண்டனை இல்லை. பணத்தைத் திருப்பவும் சொல்லவில்லை. செய்த சேவையைத் தராசின் மறுதட்டில் வைத்துக் குற்றத்தைச் சமன் செய்துவிட்டது அந்த மன்றம். வங்காளத்து உழவனுக்கு அந்த மன்றத்தில் வாக்கும் இல்லை, வாயும் இல்லை. பதினெட்டு மாதம் கழித்துக் கிளைவ் மாண்டான். உடல் நோய் நெடுநாளாக அவனை வாட்டியது, வலிக்கு அபின் உட்கொண்டான், அவமானமும் சேர்ந்தது. எது அவனைக் கொன்றதென்று ஆராய்வது நம் வேலையல்ல.

நம் வேலை வேறு. தோழர்களே, கிளைவ் வெள்ளைக்காரன், அந்நியன், கொள்ளைக்காரன் என்று சொல்லி ஏட்டை மூடிவிடுவது எளிது. ஆனால் அவன் ஏறிய படிகள் எல்லா நாட்டிலும் உள்ளன. முதற்படி வழக்கம்: எல்லோரும் வாங்குகிறார்கள், நானும் வாங்கினேன். இரண்டாம் படி அன்பளிப்பு: நான் கேட்கவில்லை, அவராகக் கொடுத்தார். மூன்றாம் படி கூலி: இயக்கத்துக்கு இவ்வளவு செய்தேன், எனக்கு இதுகூடக் கூடாதா? நகராட்சி மன்றத்திலும், கூட்டுறவுப் பண்டகசாலையிலும், தொழிற்சங்கத்துச் சந்தாப் பெட்டியின் அருகிலும் இந்த மூன்று குரல்களும் கேட்கும். மூன்றாவது குரல்தான் மிகக் கொடியது. அது அயோக்கியனின் வாயிலிருந்து வருவதில்லை. தடியடி பட்டவன், சிறை சென்றவன், குடும்பத்தை மறந்து உழைத்தவன் வாயிலிருந்து வருகிறது. நாமும் அவன் முகத்தைப் பார்த்து இரங்கி, பாவம், உழைத்தவன்தானே என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டுவிடும் அந்த நொடியில், 1773இன் பாராளுமன்றம் செய்ததை நாமும் செய்கிறோம்.

வேண்டியது என்ன? பொதுப்பணி செய்பவனுக்கு வாழத் தகுந்த ஊதியத்தை வெளிப்படையாகக் கொடுப்போம். 5 பவுன் கொடுத்துவிட்டு யோக்கியதையை எதிர்பார்ப்பது ஏமாற்று. கணக்கை, கணக்குக் கொடுப்பவனுக்குக் கட்டுப்படாத ஒருவர் பார்க்கட்டும். எவ்வளவு பெரிய தியாகியாயினும், தன் தியாகத்துக்குத் தானே விலை வைக்கும் உரிமை அவருக்கு இல்லை என்று கிளைக் கூட்டத்திலேயே எழுந்து நின்று சொல்லுவோம். சொல்பவனைத் துரோகி என்று தூற்றாமல் இருப்போம்.

ஆர்க்காட்டில் கிளைவ் ஒருவன் மட்டும் போரிடவில்லை. சோற்றைக் கொடுத்துவிட்டுக் கஞ்சி குடித்த சிப்பாய்களும் அதே 50 நாள் அதே மதிலில் நின்றார்கள். சேவைக்குக் கூலி கருவூலம் என்றால், அவர்களுக்கும் அதில் பங்கு இருந்திருக்க வேண்டும். அவர்களுடைய பெயரைக்கூட எவரும் எழுதி வைக்கவில்லை. இயக்கத்துக்காக உழைத்தேன், என் பங்கைத் தா என்று ஒருவர் கேட்டால், அந்தக் கஞ்சி குடித்தவர்களை அவருக்கு நினைவூட்டுவோம்.